பதினான்கும் பதினொன்றும்

முகவரி கிடைக்கவில்லையாம். எம். தமயந்தியைத் தேடாத இடமில்லையாம், எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லையாம், இருக்கிறாரா என்பதே தெரியவில்லையாம். தொகுப்பாளன் மைக்கை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு, இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவன் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொல்கிறான். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏசி காற்று நேராக என் பிடரியில் அடிக்கிறது. என் நாற்காலியின் முதுகில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, ஜே. தமயந்தி, முன்னாள் வீராங்கனை என்று. அது நான். சரி. ஆனால் எம். தமயந்தியும் நான்தான். எங்கப்பா மருதமுத்து, அதனால் எம். என் வீட்டுக்காரர் ஜெயசீலன், அதனால் ஜே. இடையில் ஒரு கல்யாணம் நடந்தது, அவ்வளவுதான், யாரும் சாகவில்லை, யாரும் காணாமல் போகவில்லை. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் பெயர்களைப் போட்டிருக்கிறார்கள். இந்துமகா சமுத்திரக் கால்பந்துக் கோப்பையில் இந்தியாவுக்காக அதிக கோல் அடித்தவர்கள். முதலில் யாழ்மொழி, பதினைந்து. அவளுக்குத்தான் இன்றைக்குப் பாராட்டு விழா. போன மாதம் நைரோபியில் பதினைந்தாவதை அடித்து, இத்தனை வருஷமாக யாரும் தொடாத சாதனையை உடைத்த பெண். அவளுக்குக் கீழே எம். தமயந்தி, பதினான்கு. அதற்குக் கீழே சாந்திபாலா, பன்னிரண்டு. அதற்கும் கீழே ஜே. தமயந்தி, பதினொன்று. எனக்கும் எனக்கும் நடுவில் ஒரு மணிப்பூர்க்காரி நிற்கிறாள். சாந்திபாலா தங்கமான பெண், எனக்குப் பந்தைத் தள்ளித் தள்ளியே அவள் கால் தேய்ந்தது, அவளை எதற்கு இப்படி என் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜே. தமயந்திக்குப் படம் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டிருக்கிற படம். எம். தமயந்திக்குப் படம் இல்லை, முகமில்லாத சாம்பல் நிற உருவம், அதுவும் கிராப்பு வெட்டிய ஆம்பளை உருவம். பதினான்கும் பதினொன்றும் எத்தனை. இருபத்தைந்து. இதைக் கூட்ட ஒரு ஆள் இல்லையா இந்த அரங்கத்தில். கோட்டுப் போட்டவன் எத்தனை பேர், பூங்கொத்து பிடித்தவன் எத்தனை பேர், கூட்டத் தெரிந்தவன் ஒருத்தன் இல்லை.

வாசலிலேயே சொன்னேனே. உள்ளே நுழையும்போதே திரையைப் பார்த்துவிட்டு, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண்ணிடம் சொன்னேன், அந்த ரெண்டாவது பேரும் நான்தாம்மா என்று. "ஓகே மேடம், உக்காருங்க, காபி வரும்" என்றாள். காபி வந்தது. அதன் பிறகு சங்கத்தின் செயலாளர் திருஞானம் வந்தார், குனிந்து, ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே. "மேடம், எம். தமயந்தி உங்களுக்குப் பழக்கமா? உங்க காலத்துல ஆடினவங்கதான?" என்று கேட்டார். பழக்கமா என்றால் என்ன சொல்வது. பழக்கம்தான் சார், பிறந்ததிலிருந்து. "சார், அது நான்தான்" என்றேன். "ஆமா மேடம், நீங்கதான், நீங்கதான் குடுக்கணும்" என்றார், பாதி என்னிடம், பாதி போனில். "அவங்க சார்பா நீங்க அந்தப் பொண்ணுக்கு ஷீல்டு குடுங்க. பழைய சாதனையாளர் கையால புதுசா வந்தவங்களுக்கு. ஆள் கிடைக்கல, அதனால கூட ஆடினவங்க. பிரஸ்ஸுக்கு நல்லா இருக்கும்." நான் மறுபடி வாயைத் திறந்தேன், அவர் போனில் யாரிடமோ பொக்கே வரவில்லை என்று கத்திக்கொண்டே போய்விட்டார். என் சார்பில் நான். எனக்குப் பதில் நான். அப்போதே எழுந்து வெளியே போயிருக்க வேண்டும், எழும்பூரில் சாயங்காலம் வண்டி இருக்கிறது, ரயில்வே ஸ்டாஃப் பாஸ் கைப்பையில் இருக்கிறது, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திருச்சி போய்விடலாம். போகவில்லை. ஏன் போகவில்லை. கோபம் ஒரு பக்கம் இழுக்கிறது, இன்னொரு பக்கம் வெட்கம் கெட்ட ஆசை, இத்தனை வருஷம் கழித்து ஒரு மேடை. கால் முட்டி ஏசியில் விறைக்கிறது, இடது முட்டி, உள்ளே யாரோ மணலைக் கொட்டி வைத்த மாதிரி.

மேடையில் தலைமை விருந்தினர் பேச ஆரம்பித்திருக்கிறார். ஏதோ சிமெண்டு வியாபாரம். பெண் என்பவள் பூவாம், ஆனால் மைதானத்தில் புயலாம். கைதட்டல். நான் பூவும் இல்லை புயலும் இல்லை, நான் பொன்மலை ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் மருதமுத்துவின் மகள், ரயில்வே மைதானத்தில் ஆம்பளைப் பையன்களோடு ஆடி முழங்கால் தோல் உரிந்தவள். பத்திரிகையில் முதல்முதலாகப் பேர் வந்தபோது அப்பா அதை ஒர்க்‌ஷாப்புக்கே எடுத்துப்போய்விட்டார், கிரீஸ் கை பட்டுப் பட்டு அந்தத் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. "பாரு, ஓம் பேருக்கு முன்னாடி நான் நிக்கிறேன்" என்றார். எம். புள்ளி. தமயந்தி. அந்தப் புள்ளியைக்கூட விரலால் தொட்டுக் காட்டினார். கொழும்பில் ஆறு கோல், மொரீஷியசில் எட்டு. எட்டாவது அடித்த அன்றைக்கு போர்ட் லூயிசில் மழை, பந்து சேற்றில் நின்றுவிட்டது, எல்லோரும் அது உருளும் என்று காத்திருந்தார்கள், நான் காத்திருக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு எப்போதும் தெரிந்தது, காத்திருக்காமல் இருப்பது. இப்போது உட்கார்ந்திருக்கிறேன். காத்துக்கொண்டு. சிமெண்டுக்காரர் தண்ணீர் குடிக்கிறார்.

இனிஷியலை யார் மாற்றினது. நானா. இல்லை. அது எப்படி நடந்தது என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதுதான் எரிகிறது. என் மகள் ரூபிகா பிறந்து மூன்று மாசம், மறுபடி ஓட ஆரம்பித்திருந்தேன், விடிகாலையில், அக்கம்பக்கத்தார் எழுந்திருக்கும் முன்னே, பிள்ளை பெற்றவள் ஓடுகிறாளே என்று பார்ப்பார்கள் என்று. தேர்வு முகாமில் இருபது வயசுக்காரிகளோடு ஓடினேன், எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். அப்போது மேஜைக்குப் பின்னால் இருந்த ஒருத்தர், பேர்கூடத் தெரியாது, மூக்குப்பொடி வாசம் அடித்தது, என் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா, கல்யாணம் ஆயி கொழந்தையும் ஆச்சு, இன்னும் அப்பா இனிஷியலா? வீட்டுக்காரரு கோவிச்சுக்க மாட்டாரா?" வீட்டுக்காரர் பேரைக் கேட்டுக்கொண்டு, அவரே எம்மை அடித்துவிட்டு ஜே என்று எழுதினார். ஒரு கோடு. நீலப் பேனா. நானும் சிரித்தேன். என்னை எடுத்துக்கொண்டார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை அன்றைக்கு. ஜெயசீலனிடம் சொன்னதற்கு, "எனக்கென்ன கோவம், நீ எந்த எழுத்து போட்டுக்கிட்டாலும் பந்து ஒண்ணுதான" என்றார். அவர் பாய்லர் கம்பெனியில் வெல்டர், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்பாதான் அடுத்த தடவை பேப்பரில் வந்தபோது பார்த்தார், மடித்தார், வைத்துவிட்டார். இப்போது அப்பாவும் இல்லை. ஆம்பளைகள் ரெண்டு பேர் எழுத்து, முன்னாடி நிற்பதற்கு. பந்தை உதைத்தது எந்த எழுத்து. ஜெர்சியில் முதுகுப் பக்கம் தமயந்தி என்று மட்டும்தான் இருந்தது, கீழே ஒன்பது, எந்தக் கோல்கீப்பரும் என்னைப் பார்த்து எம்மா ஜேயா என்று கேட்டதில்லை.

அந்தப் பதினொன்றை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பதினான்கை விட்டுவிடலாம், அது சின்ன வயசு, காற்றில் பறக்கிற உடம்பு, யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள். பதினொன்று அப்படி இல்லை. மாலத்தீவில் மடகாஸ்கரோடு ஆட்டம், மதியம், வெயில் நேராக உச்சந்தலையில். ரூபிகாவைத் திருச்சியில் விட்டுவிட்டு வந்திருந்தேன், பால் வற்றவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் யாரோ பார்வையாளர் பக்கம் ஒரு குழந்தை அழுதது, எந்தக் குழந்தையோ, யார் பெற்றதோ, அவ்வளவுதான், என் மார் கட்டியாக இறுகி, ஜெர்சி நனைந்துவிட்டது. கோச் அதை வியர்வை என்று நினைத்தார். எங்கள் கோல்கீப்பர் பிலோமினா, கடலூர்க்காரி, அவள்தான் பார்த்தவுடனே புரிந்துகொண்டு என்னைக் கழிப்பறைக்கு இழுத்துப் போனாள். முட்டிக்குச் சுற்றுகிற கிரேப் பேண்டேஜை மாரில் சுற்றினாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்து. "வலிக்குதாடி?" "வலிக்குது." "இப்புடியே போய் ஒண்ணு அடி, அந்தப் பக்கம் இருக்குறவளுக்கும் வலிக்கட்டும்." போய் இரண்டு அடித்தேன். இரண்டாவது தலையால், எழும்பும்போது மார் கிழிகிற மாதிரி இருந்தது, பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவேயில்லை, சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கீழே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் பேப்பரில் ஆனந்தக் கண்ணீர் என்று எழுதினார்கள். ஆனந்தமா. பால் கட்டிக்கொண்டு ஒருத்தி அழுவது ஆனந்தமா உங்களுக்கு. அந்த இரண்டு கோல், அதற்குப் பிறகு அதே போட்டியில் நாலு, ரெண்டு வருஷம் கழித்து மொம்பாசாவில் ஐந்து, எல்லாவற்றையும் கொண்டுபோய் யாரோ ஒரு ஜே. தமயந்தி கணக்கில் சேர்த்து, அவளை நாலாவது இடத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடின படம் போட்டு, இரண்டாவது வரிசை நாற்காலி கொடுத்து, காபி கொடுத்து.

பயமாகவும் இருக்கிறது. அதை மறைக்க முடியாது. எழுந்து சொன்னால் என்ன நினைப்பார்கள். வயசான ஒருத்தி, சின்னப் பெண்ணுக்குக் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டு வந்து கலாட்டா பண்ணுகிறாள் என்றுதான். யாழ்மொழி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் இருந்து கழுத்து தெரிகிறது, வெயிலில் கறுத்த கழுத்து, முடியை உச்சியில் இழுத்துக் கட்டியிருக்கிறாள், பட்டுப் புடவை கட்டத் தெரியாமல் கட்டி தோளைத் தூக்கித் தூக்கி விடுகிறாள். திருவாரூர்ப் பக்கம் என்றார்கள். அவளுடைய பதினைந்தாவது கோலைப் போனில் எத்தனை தடவை பார்த்தேன். இடது காலால், உடம்பைத் திருப்பாமலே. அப்படி அடிக்க எனக்கு வந்ததில்லை. அதைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டேன், ஸ்டேஷன் ஓய்வறையில் படுத்திருந்த ரயில் கார்டு எழுந்து வந்து என்னம்மா என்று கேட்டார். அவள்மேல் எனக்கு என்ன கோபம். ஒன்றும் இல்லை. அவளுக்கு ஷீல்டு கொடுக்கட்டும், ரெண்டு கொடுக்கட்டும். ஆனால் பொய்யைக் கையில் கொடுக்கிறார்களே, அதை நான் என் கையாலேயே கொடுக்க வேண்டும் என்கிறார்களே. ரயிலில் தினமும் பார்க்கிறேன், நான் டிக்கெட் பரிசோதகர், ஒரு பெண் டிக்கெட்டில் அப்பா இனிஷியலும் ஆதாரில் புருஷன் இனிஷியலுமாக வந்து பயந்து பயந்து நீட்டும், நான் முகத்தைப் பார்ப்பேன், படத்தைப் பார்ப்பேன், உக்காரும்மா என்று சொல்லிவிட்டுப் போவேன். ஒரு ஆளை ஒரு ஆள் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு நேரம்தான் ஆகும், முகத்தை நிமிர்ந்து பார்த்தால் போதும். இவர்கள் யாராவது நிமிர்ந்து பார்த்தார்களா. சொல்லாமல் விட்டால் என்ன. கொடுத்துவிட்டு, சிரித்துவிட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு, ரயில் ஏறிவிட்டால் என்ன. ஒன்றும் ஆகாது. அந்தச் சாம்பல் உருவம் அப்படியே இருக்கும், நான் செத்த பிறகும் அவள் முகவரி கிடைக்காமலேயே இருப்பாள். இதை நினைத்ததும் ஏசியையும் மீறி உடம்பு முழுக்கச் சூடு ஏறுகிறது, காதுவரைக்கும்.

கூப்பிடுகிறார்கள். "அந்த மாபெரும் வீராங்கனையோட நெருங்கிய தோழி, சக வீராங்கனை, ஜே. தமயந்தி அவர்களை மேடைக்கு அன்போட அழைக்கிறோம்." நெருங்கிய தோழி. எழுந்திருக்கிறேன், முட்டி ஒரு தடவை சொடுக்குகிறது, படி ஏறுகிறேன், சிமெண்டுக்காரர் கும்பிடுகிறார், யாரோ கையில் கண்ணாடி ஷீல்டைத் திணிக்கிறார்கள், கனம், அதில் தங்க எழுத்தில் சாதனையை முறியடித்த சாதனை மங்கை என்று இருக்கிறது. எதிரே யாழ்மொழி வந்து நிற்கிறாள். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பெண், கன்னத்தில் பூட்ஸின் ஸ்டட்ஸ் கிழித்த தழும்பு. சட்டென்று குனிந்து என் காலைத் தொடுகிறாள், "வேணாம்மா" என்கிறேன். விளக்கு கண்ணைக் கூசுகிறது. தொகுப்பாளன் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டுகிறான். "மேடம், எம். தமயந்தி அவங்க மட்டும் இப்ப இங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? ரெண்டே வார்த்தை!"

"கோவப்பட்டிருப்பாங்க" என்றேன்.

சிரித்தார்கள். அரங்கம் முழுக்க நல்ல சிரிப்பு, ரசித்த சிரிப்பு.

"நான்தான் எம். தமயந்தி."

கை தட்டினார்கள். இதற்குக் கை தட்டுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. தொகுப்பாளன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "ஆஹா! பாருங்க, தோழியாவே மாறிட்டாங்க! நட்புன்னா இதுதாங்க!" இன்னும் கைதட்டல். எனக்கு அவன் மைக்கைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது, பிடுங்கிவிட்டேன். ஒரு கையில் ஷீல்டு, ஒரு கையில் மைக், ஆட்டத்தில் பின்னால் இருப்பவளைக் கூப்பிடுகிற குரல் வந்துவிட்டது. "சிரிக்காதீங்க. கதை சொல்லல. எங்கப்பா பேரு மருதமுத்து. கல்யாணத்துக்கு முன்னாடி எம். தமயந்தி. வீட்டுக்காரர் பேரு ஜெயசீலன். அப்புறம் ஜே. தமயந்தி. ரெண்டும் ஒரே ஆளு. இதோ நிக்கிறேன். அந்தப் பதினாலையும் நான் அடிச்சேன், இந்தப் பதினொண்ணையும் நான்தான் அடிச்சேன். கூட்டிப் பாருங்க."

அப்போதுதான் சத்தம் நின்றது. கூட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. முகங்கள் திரைக்குப் போய் என்னிடம் வந்தன, திரைக்குப் போய் வந்தன. திருஞானம் மேடையின் ஓரத்திலிருந்து வேகமாக வந்தார், சிரித்துக்கொண்டே, பல்லை மட்டும் காட்டி. மைக்கின் தலையைக் கையால் மூடினார். "மேடம், ஆபீஸ்ல வந்து பேசிக்கலாம். பழைய பாஸ்போர்ட், மேரேஜ் சர்டிபிகேட், எல்லாம் எடுத்துட்டு வாங்க. ப்ரூஃப் இருந்தா கண்டிப்பா கமிட்டி பாக்கும்."

"நான்தான் நானுன்னு உங்களுக்கு சர்டிபிகேட் வேணுமா சார்?"

"ரூல்ஸ் மேடம்."

"நீங்கதான சார் அடிச்சு மாத்துனீங்க. உங்க ஆளு. உங்க பேனா. அதுக்கு எந்த ரூல்ஸ்ல எங்கிட்ட ப்ரூஃப் கேட்டீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, பின்னால் யாருக்கோ கையைக் காட்டினார், ஓரத்தில் நின்ற பேண்டு வாத்தியக்காரர்கள் தடதடவென்று ஆரம்பித்துவிட்டார்கள். டிரம், டிரம்பெட், காது அடைக்கிற மாதிரி. நான் பேசுகிறேன், என் வாய் அசைவது எனக்கே தெரிகிறது, ஒரு சொல் கேட்கவில்லை. வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னைக் கீழே தள்ளியிருக்கிறார்கள், முழங்கையால், ஸ்டட்ஸால், ஜெர்சியைப் பிடித்து, அதற்கெல்லாம் விசில் ஊதுவார்கள். இதற்கு யார் ஊதுவார்கள். அந்த நேரத்தில் யாழ்மொழி வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பி ரெண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தாள். பட்டுப் புடவையோடு. அப்படி ஒரு சீழ்க்கை. டிரம்காரர் குச்சியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"சார், இருங்க" என்றாள் திருஞானத்திடம். என்னிடம் திரும்பினாள். "அப்ப நான் ரெக்கார்டை உடைக்கலையாக்கா?"

இதுதான் நான் பயந்தது. இவர்கள் செய்ததற்கு இவள் விலை கொடுக்கிறாள். "இல்லம்மா" என்றேன். "இன்னும் உடைக்கல."

அவள் என் கையிலிருந்த ஷீல்டை வாங்கினாள், அதில் இருந்ததை மெதுவாக வாசித்தாள், மேஜையில் பொக்கேக்களுக்கு நடுவே வைத்தாள். "தப்பா எழுதியிருக்கு சார்" என்றாள். "சரியா எழுதிக் குடுங்க, வாங்கிக்கிறேன்." முகம் சிவந்து கிடந்தது, அழுகையா கோபமா என்று சொல்ல முடியாது, ரெண்டும்தான். "என்னை முட்டாளாக்கிட்டீங்களே. ஊருக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிட்டேன்." புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிப் போய்விட்டாள். முன்வரிசையில் நாலைந்து காமிரா அவள் பின்னால் ஓடியது. என் பின்னால் ஒன்றுகூட வரவில்லை. கவனித்தேன். அதையும் கவனித்தேன்.

நான் இறங்கி வெளியே வந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது, கார் நிறுத்துகிற இடத்தில் தார் இன்னும் சுட்டது. சாதித்துவிட்டேனா. என்னத்தைச் சாதித்தேன். ஒரு சின்னப் பெண்ணின் நாளைக் கெடுத்தேன், கமிட்டி பார்க்கும் என்று ஒரு வார்த்தை வாங்கினேன், கமிட்டி என்ன பார்க்கும் என்று எனக்குத் தெரியாதா. திரும்ப உள்ளே போய் இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்காமல் விட்டதெல்லாம் இப்போதுதான் வரிசையாக வாயில் வந்து நின்றது. அப்போது "அக்கா" என்று ஒரு குரல். யாழ்மொழி. காமிராக்காரர்களிடமிருந்து எப்படித் தப்பித்தாளோ, கார்களுக்கு நடுவே புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள், உள்ளே ட்ராக் பேண்ட் போட்டிருந்தாள்.

"எம்மேல கோவமா?" என்றேன்.

"உங்க மேல இல்லக்கா." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஒண்ணு கேக்கணும். அந்தப் பதினொண்ணு. அது கல்யாணத்துக்கு அப்புறமா?"

"ஆமா."

"கொழந்தைக்கும் அப்புறமா?"

"ஆமா. அஞ்சு மாசக் கொழந்தை. மொம்பாசா போறப்ப ரெண்டு வயசு தாண்டிருச்சு."

அவள் கார் ஒன்றின் மேல் சாய்ந்தாள். "எனக்கு மாப்பிள்ளை பாத்துட்டாங்கக்கா. தை மாசம். ரெக்கார்டு உடைச்சாச்சுல்ல, இதோட நிறுத்திக்கன்னு அம்மா சொல்லிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் எவ ஆடினா, ஒருத்தியக் காட்டுன்னாங்க. நான் தேடுனேன். நெட்ல தேடுனேன், சங்கத்துல கேட்டேன். ஒருத்தியும் இல்லைன்னு சொன்னாங்க." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இருந்திருக்கீங்க. அங்கயே இருந்திருக்கீங்க. நாலாவது பேரா."

ஜே என்பதை எல்லோரும் அப்பா எழுத்து என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள், கல்யாணம் ஆனவள் என்று யாருக்குத் தெரியும். அதுவரைக்கும் என் கோல், என் பேர், என் முகம் என்றுதான் கொதித்துக்கொண்டிருந்தேன். ஒரு பேனாக்கோடு எங்கெல்லாம் போய்க் குத்தியிருக்கிறது. எனக்குப் பின்னால் வந்தவர்கள், எத்தனை பேரோ, எத்தனை வீட்டில் எத்தனை அம்மாக்கள், ஒருத்தியக் காட்டு என்று கேட்டிருப்பார்கள், காட்ட ஒருத்தி இல்லாமல் பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றிப் பரணில் போட்டிருப்பார்கள். இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் மேடையில் வந்தது ஒன்றுமே இல்லை.

"ஒங்கம்மாவுக்குப் போன் போடு" என்றேன்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

போட்டாள். கொஞ்ச நேரம் "அம்மா, ஒருத்தங்க பேசணுமாம்" என்று இழுத்தாள், பிறகு என் கையில் கொடுத்தாள். திருவாரூர்ப் பக்கத்து வீட்டின் சத்தம் காதில் கேட்டது, மிக்சி ஓடி நின்றது.

"யாருங்க?"

"நான் தமயந்திங்க, திருச்சி. இந்தியாவுக்கு ஆடினவ. ஒங்க பொண்ணு மாதிரி. கல்யாணம் ஆயி, புள்ள பெத்து, அதுக்கு மேல ரெண்டு கோப்பை ஆடினேன். பதினோரு கோலு."

"ஒங்க வீட்டுக்காரரு விட்டாரா?" என்றார்கள். பொல்லாத கேள்வியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள், அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விடுறதுக்கு நான் என்னங்க கட்டிப்போட்ட மாடா? நான் போனேன். அவரு புள்ளையப் பாத்துக்கிட்டாரு. மொத நாளு பால்பவுடர் கலக்கத் தெரியாம அவரும் அழுதாராம், கொழந்தையும் அழுதுச்சாம். ரெண்டாம் நாளு கத்துக்கிட்டாரு. என்னமோ வெல்டிங் ஒட்டுறதவிடப் பெரிய வேலையா அது?"

"மாமியா?"

"திட்டுனாங்க. நான் வரவரைக்கும் திட்டுனாங்க. வந்த பெறகும் திட்டுனாங்க. திட்டிக்கிட்டேதான் கொழந்தையத் தூக்கிக்கிட்டு டிவி முன்னாடி ஒக்காந்தாங்க."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம், சிரிப்பா இருமலா தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தேன், திருஞானத்தின் கார், வெளியே போகிற வழியின் நட்டநடுவில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். மறுபடி அடித்தார். கண்ணாடியை இறக்கி, "மேடம், கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார். யாழ்மொழி நகரப் பார்த்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஹாரன் நீளமாகக் கத்தியது. காதில் அந்த அம்மா, "அதில்லீங்க, மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு" என்று ஆரம்பித்தார்கள்.

"சொல்லுங்கம்மா" என்றேன், சத்தமாக, ஹாரனை மீறிக் கேட்கிற மாதிரி. "நான் எங்கயும் போகல, நின்னு நிதானமா கேக்குறேன்."